அகமது கமால்: தன் நாட்டுக் கல்லைப் படிக்க அனுமதி கேட்டவர்

இந்த இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி
"எகிப்தியவியல் என்றதும் பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலப் பெயர்கள்தாம் வரிசையாக வருகின்றன. ஓர் எகிப்தியர் பெயர்கூட என் நினைவில் இல்லை. தங்கள் பழங்கலையின் மேல் அந்த நாட்டாருக்கு ஆர்வமே இருந்ததில்லை என்றுதான் தோன்றுகிறது. மறுப்பவர்கள் சான்றோடு எழுதலாம்."

பிப்ரவரி 4, காலை
மறுக்கிறேன். ஒரு பெயர் போதும்: அகமது கமால். 1851-இல் கெய்ரோவில் பிறந்து 1923-இல் இறந்தவர். சித்திர எழுத்தைப் படிக்கக் கற்று, அருங்காட்சியகத்தில் பணியாற்றி, அகழாய்வும் நடத்தி, அரபியில் நூல்களும் எழுதிய முதல் எகிப்தியர். ஆர்வம் இல்லை என்பவர்கள் இவருடைய வாழ்க்கையை ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். 1881-இல், லக்சர் நகருக்கு எதிரே நைலின் மேற்குக் கரையில் உள்ள தேர் எல்-பஹ்ரியில் அரச மம்மிகளைக் கண்டெடுத்தவர்களுள் இவரும் ஒருவர்.

பிப்ரவரி 4, இரவு
காலையில் அவசரமாக எழுதினேன். விரிவாகச் சொல்கிறேன்.

1869-இல் கெடிவ் (எகிப்தின் ஆட்சியாளர்) இஸ்மாயில் காலத்தில் கெய்ரோவில் பண்டைய எகிப்திய மொழிக்கென ஒரு பள்ளி திறக்கப்பட்டது. நடத்தியவர் ஜெர்மானியரான ஹைன்ரிக் புருக்ஷ். மாணவர்கள் எகிப்திய இளைஞர்கள். அவர்களுள் பதினெட்டு வயது கமாலும் ஒருவர். தொல்பொருள் துறையோ ஓகுஸ்த் மரியெத் என்ற பிரெஞ்சுக்காரரின் கையில் இருந்தது. 1858-இல் அந்தத் துறையை நிறுவி, 1863-இல் புலாக் அருங்காட்சியகத்தைத் திறந்தவர் அவர். திருட்டும் ஏற்றுமதியும் தலைவிரித்தாடிய காலத்தில் எகிப்தின் பொருள்களை எகிப்திலேயே நிறுத்தப் போராடியவர். அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அதே மரியெத், உள்ளூர்க்காரர் எவரையும் கல்வெட்டைப் படியெடுக்க விடக்கூடாது என்று அருங்காட்சியக ஊழியர்களுக்குக் கட்டளையிட்டிருந்தார். இதைத் தம் வாழ்க்கை நினைவுகளில் எழுதி வைத்தவர் அவருடைய நண்பரான புருக்ஷ்.

படியெடுக்காமல் கல்வெட்டு கற்க முடியுமா? நான் இருபத்தொரு ஆண்டுகள் மைப்படி எடுத்தவள். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைந்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, ஈரம் சரியான பதத்துக்கு வந்ததும் மை ஒற்றுவோம். அப்படிக் கை பழகும்போதுதான் கண்ணும் பழகும். எந்தக் கோடு உளி வெட்டியது, எது வெயிலில் விரிந்த பிளவு என்பது விரலுக்குத்தான் முதலில் தெரியும். படியெடுக்கத் தடை என்றால் கற்கவே தடை என்றுதான் பொருள்.

1874-இல் பள்ளி மூடப்பட்டது. படித்து முடித்தவர்களுக்குத் தொல்பொருள் துறையில் இடம் இல்லை. கமால் அரசு அலுவலகங்களில் மொழிபெயர்ப்பு வேலைக்குப் போனார்.

பிப்ரவரி 5
மரியெத் இறந்தது 1881 ஜனவரி. கமாலுக்கு அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது அதே 1881. பதவியின் பெயர் செயலர், மொழிபெயர்ப்பாளர். சித்திர எழுத்து படித்தவரை மொழிபெயர்ப்பாளராக உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 6
ஒரு திருத்தம். மம்மிகளைக் "கண்டெடுத்தவர்களுள்" என்று முதல் நாள் எழுதியது தவறு. அந்த மறைவிடத்தை உண்மையில் கண்டுபிடித்தவர்கள் குர்னா ஊரின் அப்த் எல்-ரசூல் குடும்பத்தினர். ஏறக்குறைய பத்து ஆண்டுகளாக அவர்கள் அதிலிருந்து சிறு சிறு பொருள்களை எடுத்து விற்றுவந்தார்கள். சந்தையில் அரச பெயர் பொறித்த பொருள்கள் தலைகாட்டியதும் மரியெத்துக்குப் பின் துறைத் தலைவரான மாஸ்பெரோவுக்குச் சந்தேகம் வந்தது. சகோதரர்கள் பிடிபட்டு, விசாரணைக்குப் பின் ஒருவர் 1881 ஜூனில் இடத்தைக் காட்டிக்கொடுக்க ஒப்புக்கொண்டார். அந்த நேரம் மாஸ்பெரோ பிரான்சில் இருந்தார். அனுப்பப்பட்டவர்கள் ஹைன்ரிக்கின் தம்பி எமில் புருக்ஷும் அகமது கமாலும்.

ஜூலை 6 அன்று செங்குத்தான குழிக்குள் கயிற்றில் இறங்கினார்கள். உள்ளே முதலாம் சேதி, இரண்டாம் ராமேசஸ், மூன்றாம் துத்மோஸ், அஹ்மோஸ் என நாற்பதுக்கும் மேற்பட்ட உடல்கள். திருடர்களுக்கு அஞ்சிப் பழங்காலப் பூசாரிகளே மன்னர்களை ஓரிடத்தில் திரட்டி ஒளித்து வைத்திருந்தார்கள். முன்னூறு ஆட்களை வைத்து இரண்டே நாளில் அத்தனையையும் வெளியே எடுத்துவிட்டார்கள்.

அந்த இரண்டு நாளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. எது எங்கே, எதன் மேல், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதற்கு வரைபடமும் இல்லை, உள்ளே எடுத்த புகைப்படமும் இல்லை. ஊரார் கூடி மறித்துவிடுவார்களோ என்ற அச்சம் புரிகிறது. ஆனாலும் ஒரு சவப்பெட்டி கிடந்த திசைகூடச் செய்திதான். அது போனது போனதுதான்.

பிப்ரவரி 6, பிற்பகல்
"சுங்கச்சாவடிக் கதை உண்மையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கெய்ரோ நுழைவாயிலில் வரி வசூலிப்பவர் மம்மிக்கு என்ன வரி என்று பட்டியலில் தேடி, கிடைக்காமல், கருவாட்டுக் கணக்கில் எழுதினார் என்பது கதை. பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். சிரித்துவிட்டேன், ஆனால் சான்றாக வைக்க மாட்டேன். படகு நைலில் வடக்கே போனபோது கரையில் பெண்கள் தலைவிரித்து ஒப்பாரி வைத்ததும், ஆண்கள் சாவுக்குச் சுடுவதுபோல் துப்பாக்கி சுட்டதும் பதிவானவை. இந்த இழையைத் தொடங்கியவர் அதைக் கவனிக்க வேண்டும். ஆர்வமே இல்லாத மக்கள் மூவாயிரம் ஆண்டுக்கு முன் இறந்த மன்னருக்கு ஒப்பாரி வைப்பார்களா?

பிப்ரவரி 9
"இவர் அறிஞரா, அலுவலரா? என்னதான் எழுதினார்?" இதற்குத்தான் காத்திருந்தேன்.

கெய்ரோ அருங்காட்சியகத்தின் பெரும் பட்டியல் வரிசையில் கமாலின் பெயரில் இரண்டு பணிகள் உண்டு. தாலமி மன்னர்கள், ரோமர் காலக் கல் பலகைகள் பற்றியது ஒன்று, 1904-1905. எண் 22001 முதல் 22208 வரை. படையல் மேசைகள் பற்றியது மற்றொன்று, 1906-1909. எண் 23001 முதல் 23256 வரை. கூட்டிப் பாருங்கள், 464 எண்கள். ஒவ்வொன்றையும் அளந்து, கல் வகை எழுதி, உருவங்களை விவரித்து, எழுத்துகளை வரி வரியாகப் பெயர்த்து எழுதியிருக்கிறார்.

படையல் மேசை என்றால் வெறும் பலகை என்று கடந்துவிடாதீர்கள். கல்லறையின் முன் தரையில் கிடக்கும் தட்டைக் கல் அது. நாணல் பாயின் மேல் ஒரு ரொட்டியை வைத்ததுபோன்ற வடிவம் அதில் புடைப்பாக இருக்கும். அந்த வடிவமே ஓர் எழுத்து. "ஹோதெப்" என்று படிப்பார்கள். படையல் என்றும் பொருள், மனநிறைவு, அமைதி என்றும் பொருள். பசியாறியவனுக்குத்தான் அமைதி என்பதை ஒரே சொல்லில் வைத்த மொழி. அதைச் சுற்றி ரொட்டிகள், வாத்து, மாட்டிறைச்சித் துண்டு, குடங்கள் எல்லாம் கல்லிலேயே செதுக்கியிருப்பார்கள். நீர் ஊற்றினால் உணவுகளின் மேல் ஓடி, வாய்க்கால் வழியே முன்பக்க மூக்கில் வடியும். ஓரங்களில் மன்னன் தரும் படையல் என்று தொடங்கும் வாசகம்: ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர், மாடுகள், பறவைகள், துணிகள், இன்னாருடைய ஆவிக்கு.

சிற்பமும் எழுத்தும் சடங்கும் ஒரே கல்லில் கலந்து கிடப்பவை இவை. பொன்முகமூடி தேடியவர்கள் இவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. காட்சிக்கூடத்தில் இன்றும் இவற்றின் முன் கூட்டம் நிற்பதில்லை. இந்த வேலைக்குப் பொறுமையைத் தவிர வேறு எந்தப் புகழும் கிடைக்காது. கமால் 256 கற்களுக்குப் பொறுமை காட்டினார்.

பிப்ரவரி 9, இரவு
விட்டுப்போன ஒன்று. எகிப்தியக் கல்லறைகளில், வழியே போகும் உயிருள்ளவர்களை அழைத்து வேண்டுகிற வாசகம் உண்டு. கையில் எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்த வரிகளை வாயால் சொல்லிவிட்டுப் போ, அது வெறும் மூச்சுதான், உனக்கு எந்தச் செலவும் இல்லை என்கிறது. படித்தாலே இறந்தவருக்குச் சோறு போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. எழுத்தைப் படிக்க ஆளே இல்லாமல் ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுகள் போயிற்று. பிறகு அந்த மண்ணில் பிறந்த ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் படிக்கிறார். எனக்கு உடல் சிலிர்க்கிறது.

பிப்ரவரி 12
அரபியில் எழுதினாரா என்ற கேள்விக்கு: ஆம். 1883-லேயே பண்டைய எகிப்தின் வரலாற்றை அரபியில் நூலாக்கினார். மொழி இலக்கணம் எழுதினார். அருங்காட்சியக வழிகாட்டியை அரபிக்குக் கொண்டுவந்தார். அதாவது டிக்கெட் வாங்கி உள்ளே வரும் கெய்ரோக்காரர் தன் மொழியில் படித்துப் பார்க்க வழி செய்தார். எந்தப் பல்கலைக்கழகமும் இதற்குப் பட்டம் தராது. எனக்கு இதுதான் அவருடைய பெரும்பணி.

பிப்ரவரி 13
நேற்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். அவரே பெரும்பணி என்று நினைத்தது அகராதியை. எகிப்திய மொழிக்கு அரபியிலும் பிரெஞ்சிலும் பொருள் சொல்லும் 22 தொகுதிக் கையெழுத்துப் படி. அச்சிடும்படி அரசிடம் கொடுத்தார். பார்வையிட்ட ஐரோப்பிய அறிஞர்கள் ஏற்கவில்லை.

இதில் நான் ஒரு பக்கமாகப் பேச விரும்பவில்லை. எகிப்திய மொழியும் அரபியும் நெருங்கிய உறவு என்பது கமாலின் உறுதியான கருத்து. உறவு பொய்யல்ல. இரண்டும் ஆப்பிரிக்க-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சாதலைக் குறிக்கும் எகிப்தியச் சொல்லின் மெய்கள் ம, வ, த. அரபியிலும் அவையேதாம். ஆனால் அவர் ஒற்றுமை தேடித் தேவைக்கு மேல் போனார். எழுத்துகளை இடம் மாற்றியும் ஒலிகளைத் திரித்தும் பல சொற்களை அரபியோடு பொருத்தினார். ஒலி ஒத்திருந்தாலே உறவு என்று ஓடும் வேகம் நம்மிடமும் உண்டு, அதன் இழப்பும் நமக்குத் தெரியும். ஆகவே மறுத்தவர்களின் காரணத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் இன்னொன்றையும் பக்கத்தில் வையுங்கள். அதே காலத்தில் பெர்லினில் 1897 முதல் ஜெர்மன் அறிஞர் எர்மன் தலைமையில் ஓர் அகராதி உருவாகிக்கொண்டிருந்தது. பல கல்விக்கழகங்களின் பணம், பல நாட்டு அறிஞர்கள், சீட்டு சீட்டாகத் தரவு. இங்கே கமால் தனி ஆள். தனி ஆளின் பிழையைத் திருத்தக் கூட்டாளிகள் வேண்டும். எகிப்திய மாணவர் கூட்டம் ஒன்று உருவாகியிருந்தால் அந்தத் திருத்தம் அங்கேயே நடந்திருக்கும். உருவாக விடாமல் தடுத்துவிட்டு, பிழை இருக்கிறது என்பது என்ன நீதி?

பிப்ரவரி 13, சற்றுப் பின்
அகராதி வெளிவரவே இல்லை என்று எவரும் எழுதிவிட வேண்டாம். கையெழுத்துப் படியை அப்படியே படமாக்கி, எகிப்தின் தொல்பொருள் உயர் மன்றம் 2002 முதல் தொகுதிகளாக வெளியிட்டது. அவர் இறந்து ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழித்து.

பிப்ரவரி 17
மாணவர் கூட்டம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

கமால் வாழ்நாள் முழுதும் பள்ளி ஒன்றுக்காக மன்றாடியவர். 1880-களில் அருங்காட்சியகத்தோடு ஒட்டிய சிறு வகுப்பு நடத்தினார், அது நீடிக்கவில்லை. 1910-இல் உயர் ஆசிரியர் கல்லூரியில் மீண்டும் ஒரு வகுப்பு. அதில் படித்தவர் செலிம் ஹசன். படிப்பு முடித்த மாணவர்களை அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளவில்லை. 1869-இல் படித்தவருக்கு நேர்ந்ததே அவருடைய மாணவர்களுக்கும் நேர்ந்தது. சித்திர எழுத்து படித்தவர்கள் பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தப் போனார்கள். செலிம் ஹசன் அருங்காட்சியகத்தில் நுழைந்தது 1921-இல்.

பிறகு என்ன ஆயிற்று? அவர் பாரிஸ் சென்று படித்துத் திரும்பினார். 1929 முதல் கெய்ரோப் பல்கலைக்கழகத்தின் சார்பில் கீசாவில் பத்து ஆண்டு அகழாய்வு நடத்தினார். அரசி கென்த்காவெஸின் கல்லறையை ஆய்ந்தார், ஸ்பிங்ஸைச் சுற்றி மணலை அகற்றினார். கீசா அறிக்கைகள் பத்துத் தொகுதி. எகிப்திய வரலாற்றை அரபியில் பல தொகுதிகளாக எழுதினார். ஆர்வம் இல்லாத நாட்டுக்காரர் செய்த வேலை இது!

பிப்ரவரி 18
மேலே இருப்பது கோபத்தில் எழுதியது. அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 21
இந்த இழையின் முதல் கேள்வி கமாலின் முகத்துக்கு நேரேயே கேட்கப்பட்டது. 1914-இல் ஓய்வு பெற்றபின், தம் கடைசி ஆண்டுகளில், துறைத் தலைவர் பியேர் லக்கோவிடம் எகிப்தியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று அவர் பேசினார். உம்மைத் தவிர எகிப்தியர் எவரும் இதில் அக்கறை காட்டவில்லையே என்றார் லக்கோ. அறுபத்தைந்து ஆண்டுகளாகத் துறை உங்கள் கையில் இருக்கிறது, எங்களுக்கு என்ன வாய்ப்புக் கொடுத்தீர்கள் என்று திருப்பிக் கேட்டார் கமால்.

அறுபத்தைந்து என்பது வாய்க்கு வந்த எண் அல்ல. 1858-லிருந்து எண்ணினால் 1923 வருகிறது. அந்த ஆகஸ்டில் அவர் இறந்தார். முந்தைய நவம்பரில்தான் துத்தன்காமன் கல்லறை திறந்து உலகமே எகிப்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. துறைத் தலைமை பிரெஞ்சுக்காரருக்கே என்று 1904-இல் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கையில் எழுதியே வைத்திருந்தன. 1952 வரை அந்த நாற்காலியில் எகிப்தியர் உட்காரவில்லை.

பிப்ரவரி 22
லக்கோவை வில்லனாக்க வேண்டாம் என்று ஒருவர் சொல்வது சரி. துத்தன்காமன் பொருள்களைப் பங்கு போட விடாமல் எகிப்திலேயே நிறுத்தியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அகழ்ந்தவருக்குப் பாதி என்று நடந்துவந்த வழக்கத்துக்குக் கடிவாளம் போட்டவர் அவர். பொருளைக் காக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பொருளின் வாரிசு கண்ணில் படவில்லை. மரியெத்துக்கும் இதையேதான் சொல்வேன்.

பிப்ரவரி 25
பேச்சு தமிழ்ப் பிராமி ஓடுகளுக்குத் தாவியிருக்கிறது. சுருக்கமாக: செங்கடல் கரையில் குசெய்ர் அல்-கதீமில் கணன், சாதன் என்ற பெயர்கள் பொறித்த ஓடுகளும், பின்னர் "பானை ஒறி" என்று எழுதிய ஓடும் கிடைத்தன. உறியில் தொங்கவிட்ட பானை. அந்தத் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு பாலைவனம் கடந்து நைல் கரையின் கொப்தோஸ் நகருக்குப் போகும். அதுதான் இன்றைய குஃப்த். 1890-களில் ஆங்கிலேய அகழாய்வாளர் பீட்ரி பழக்கியெடுத்த அகழாய்வுப் பணியாளர்கள் அந்த ஊர்க்காரர்கள்தாம். "குஃப்தி" என்றால் எகிப்து முழுதும் தேர்ந்த அகழாய்வாளர் என்றே பொருளாகிவிட்டது. மண்ணின் நிறமாற்றத்தைக் கத்தி முனையில் பிரித்துக் காட்டும் கைகள். அறிக்கைகளின் அட்டையில் அவர்கள் பெயர் கிடையாது.

இதற்கு மேல் தமிழ்ப் பெருமையை இங்கே கொண்டுவராதீர்கள். இது கமாலின் இழை.

மார்ச் 2
கெய்ரோவுக்கு ஒரு முறை போயிருக்கிறேன். தாஹ்ரிர் சதுக்கத்தின் அருங்காட்சியகத் தோட்டத்தில் மரியெத்தின் கல்லறை இருக்கிறது. மேலே அவர் சிலை. சுற்றி அரைவட்டமாக எகிப்தியவியலாளர்களின் மார்பளவுச் சிலைகள்: ஷாம்போலியன், மாஸ்பெரோ, லெப்சியஸ். அதே வரிசையில் அகமது கமால், செலிம் ஹசன், சாமி கப்ரா, லபீப் ஹபாசி. உள்ளே போகும் அவசரத்தில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே போவதில்லை. நான் அங்கே முக்கால் மணி நேரம் நின்றேன். உள்ளூர்க்காரரைப் படியெடுக்க விடாதே என்ற மனிதரின் கல்லறையை, படியெடுத்தவர் பார்த்தபடி இருக்கிறார்.

மார்ச் 3
ஹபாசி யார் என்று கேட்டவருக்கு: 1906-1984. தொல்பொருள் துறையில் ஆய்வாளராகத் தொடங்கியவர். எலிஃபண்டைன் தீவில் ஹெகாயிப் வழிபாட்டிடத்தைத் தோண்டினார், 1954-இல் கர்னாக்கில் கிடைத்த காமோஸ் மன்னனின் கல் பலகையைப் பதிப்பித்தார், இராமேசஸின் தலைநகரம் கந்தீரில்தான் என்று வாதாடினார். அந்த வாதம் நின்றது. எலிஃபண்டைன் நூல் அவர் இறந்த மறு ஆண்டுதான் வெளிவந்தது.

மார்ச் 8
"உங்களுக்கு ஏன் இவ்வளவு சூடு?" என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில், வெயிலில் மலையேறித் தாளை ஒட்டியவர்கள் ஐந்தாறு பேர். இருவர் நாற்காலியில் அமர்ந்து படித்தார்கள். அச்சில் ஒருவர் பெயர்தான் வரும். என் பெயர் வராததை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் எங்களோடு வந்த ஒரு முதியவர், பள்ளிக்கூடமே போகாதவர், மழையில் தேய்ந்த கல்லைத் தடவிப் பார்த்து "இங்கே இரண்டு எழுத்து இருக்கிறது அம்மா" என்பார். இருக்கும். வாசிப்பே அதனால் மாறிய கல்வெட்டுகள் உண்டு. அவரைப் பற்றி ஒரு வரிகூட எங்கும் இல்லை. அவருக்கு எழுதக் கற்றுக்கொடுக்கலாம் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கமாலைப் படித்த பிறகுதான் அது உறைத்தது.

என் களக் குறிப்பேடுகள் பதினேழு வீட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் யார் தாள் பிடித்தார், யார் அடித்தார், யார் மை ஒற்றினார் என்று ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கல்வெட்டு எண்ணுக்கு நேரே அந்தப் பெயர்களைத் தட்டச்சு செய்யத் தொடங்கியிருக்கிறேன். நேற்று வரை மூன்று குறிப்பேடுகள் முடிந்திருக்கின்றன.

மார்ச் 9
நான்காவதில் மழை நீர் இறங்கியிருக்கிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பாதிப் பெயர்கள் தெரிகின்றன.